ஜும்பெரின் இடது காது

என் தம்பி ஜும்பெருக்கு இரண்டு காதும் உடைந்த காது. எங்கள் குதாய்சி ஊரில் இதற்காக யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்தவன் என்று புரிந்துகொண்டு உட்கார நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அவன் பெண் கேட்கப் போன வீட்டில் மாமனார் முதலில் பார்த்தது காதைத்தான். "நல்ல காது" என்றார். வேறு எதையும் விசாரித்ததாக நினைவில்லை.

இடது காது உடைந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. நான் அப்போது ஆஸ்பத்திரியில் செவிலி உதவியாளராகப் பயிற்சியில் இருந்தேன். காது கின்காலிக் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு இறுக்கிக் கட்டினால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் மாடிப்படியில் இறங்கி ஓடினான்.

"டேய், காது கல்லாட்டம் ஆயிடும்டா!"

"ஆகட்டும்க்கா! வழவழன்னு காதை வச்சிக்கிட்டு நாளைக்கு எப்படி நான் கூடத்துக்குப் போறது? பயலுங்க சிரிப்பானுங்க!"

கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னைத்தான் திட்டினார். "ஏம்மா, பையனே கஷ்டப்பட்டு ஒரு காதை உடைச்சிருக்கான். நீ ஏன் நடுவுல வர்றே?"

எங்கள் ஊர் ஆண்களின் புத்தி இது. சில பையன்கள் காது சீக்கிரம் உடையட்டும் என்று முரட்டுத் துணியால் தேய்த்துக்கொள்வதும் உண்டு. ஜும்பெருக்கு அந்த வேலை மிச்சம். ஆறு மாதத்தில் வலது காதும் போயிற்று. இடது காதில் துவாரம் என்று சொல்ல ஏதோ ஒரு கீறலாவது மிஞ்சியது. வலது காது கிட்டத்தட்ட முழுக்க மூடிக்கொண்டது. கேட்பதில் குறை எதுவும் இல்லை, வடிவம்தான் போயிற்று.

இருபத்து நாலு வயதுவரை அவன் ஜூடோவில் நன்றாக ஆடினான். திருவிழாக்களில் மேளமும் குழலும் வைத்து நடக்கிற எங்கள் நாட்டு மல்யுத்தத்தில் ஒரு பிடி உண்டு. குனிந்து எதிராளியின் தொடைக்குள் கையை விட்டு, அவனைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் போடுவது. ஜும்பெர் அதை அப்படியே ஜூடோவுக்குக் கொண்டுவந்தான். அந்தக் காலத்தில் அதற்குத் தடையில்லை. பிறகு முழங்கால் போயிற்று. தோனே அடுப்பில் ரொட்டி சுடும் வேலைக்குப் போனான், சனிக்கிழமைகளில் நடுவராக நின்றான். இருபத்தைந்து வருடம் இப்படித்தான் ஓடியது.

அந்த இருபத்தைந்து வருடத்தில் விதிகள் மாறியபடியே இருந்தன. இருவரும் வெள்ளைச் சட்டை போட்டு இடுப்பில் வேறு நிறப் பட்டை கட்டியது போய், ஒருவனுக்கு நீலச் சட்டை வந்தது. சின்னச் சின்ன வெற்றிப் புள்ளிகளை நீக்கினார்கள். சட்டைக் கை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அளக்க ஒரு கருவி வந்தது. ஒவ்வொரு முறையும் மற்ற நடுவர்கள் ஒரு மாதம் புலம்புவார்கள். ஜும்பெர் புதிய விதிகளை அடுப்பறைச் சுவரில் மாவுக் கையோடு ஒட்டிவைத்து மனப்பாடம் செய்துவிடுவான்.

கடைசியில் அவனுடைய சொந்தப் பிடிக்கே தடை வந்தது. முதலில் பாதித் தடை. இரண்டாயிரத்துப் பதிமூன்றில் முழுத் தடை. நின்று ஆடும்போது கை இடுப்புக்குக் கீழே எதிராளியின் காலைத் தொட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

"உனக்குக் கஷ்டமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கஷ்டம்? என் தோளு எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு. நான் யாரைத் தூக்கப் போறேன், உன்னையா?"

அதே வருடம் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை ஆட்டம் நடக்கும் மெத்தை மேட்டில் ஒரு நடுவரும், மூலைக்கு ஒருவராக நாற்காலியில் இரண்டு பேரும் இருப்பார்கள். நடுவர் தவறாகச் சொன்னால் மூலையிலிருந்து கை உயரும். கண் இருந்தால் போதும். இப்போது நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். மேட்டில் ஒரே ஆள்தான். மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்கள். அவர்கள் சொல்வது மேட்டில் நிற்பவருக்கு இயர்போன் வழியாகக் காதில் வரும்.

கண்ணுக்கு இருந்த வேலை காதுக்குப் போயிற்று.

நான் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் இத்தாலியிலிருந்து திரும்பியிருந்தேன். பாரி நகரத்தில் ஒன்பது வருடம் கிழவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நடக்கவைத்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது அந்த வேலைக்குப் போனவள்தான். நான் அங்கே இருந்தபோது ஜும்பெரின் மனைவி லமாரா இறந்துபோனாள். திரும்பி வந்து பார்த்தேன். வாரத்தில் ஒரே நாள்தான் ஷேவ் செய்கிறான், சனிக்கிழமை மட்டும். அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போடுகிறான். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மற்ற நாளெல்லாம் அடுப்பின் பக்கத்தில் நின்றபடி ரொட்டி நுனியைக் கடித்துக்கொள்வதோடு சரி.

தனியாக இருக்கும் ஆண்கள் எப்படி விழுவார்கள் என்று பாரியில் ஒன்பது வருடம் பார்த்தவள் நான். முதலில் ஷேவிங் நிற்கும். பிறகு சாப்பாடு. பிறகு கட்டில். ஜும்பெருக்கும் கட்டிலுக்கும் நடுவில் அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. எனக்கு வேறு கவலை இல்லை.

பிப்ரவரியில் எங்கள் ஊர்க் கூடத்தில் மண்டலப் போட்டி நடந்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இயர்போனின் ரப்பர் முனை ஜும்பெரின் காதில் நிற்கவில்லை. மடிப்பு மடிப்பாக இறுகிய குருத்தெலும்பில் எதைச் செருகினாலும் வழுக்கி வெளியே வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. காதோரம் தொங்கவிட்டு, அதன் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். காது பிரச்சினை என்று சொல்ல வெட்கம். அவன் பெருமையே காதுதானே.

நாலாவது ஆட்டத்தில் நீலச் சட்டைப் பையன் குனிந்தான். தொடையில் கை. தூக்கினான், போட்டான். கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் ஜும்பெரின் கை நேராக மேலே போயிற்று.

"இப்போன்!"

முழு வெற்றி. ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். மேசையில் தலைமை நடுவர் கூராம் மைக்கில் கத்திக்கொண்டிருந்தான், "காலைப் புடிச்சான், வெளியேத்து, வெளியேத்து" என்று. அந்தக் குரல் ஜும்பெரின் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் இரண்டு பையன்களையும் வணங்கவைத்து அனுப்பியே விட்டான். கூராம் எழுந்து மேட்டுக்கு ஓடி வர வேண்டியதாயிற்று. பையனைத் திரும்பக் கூப்பிட்டு, தோற்றவன் ஜெயித்தவன் என்று மாற்றிச் சொன்னார்கள். தொங்கிக்கொண்டிருந்த இயர்போனை அப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"ஜும்பெர்! உன் காது கழண்டு விழுந்திடுச்சு, பொறுக்கிக்கோ!"

"ஆணியடிச்சு மாட்டுங்கய்யா அவருக்கு!"

கூராம் ஜும்பெரைவிடப் பத்து வயது இளையவன், நல்லவன், நிறையப் பேசுவான். நடைபாதையில் எங்கள் இருவரையும் நிறுத்தினான்.

"அண்ணே, எனக்கு வேற வழி இல்ல. மேசை சொல்றது கேக்காத ஆளை மேட்ல நிக்க வைக்கக் கூடாது. அந்தப் பையனோட அப்பா புகார் எழுதிப் போட்டா நான் என்ன பதில் சொல்ல? நீங்க கடிகாரத்துக்கிட்ட உக்காருங்களேன்."

"கடிகாரமா?"

"ஆமா, நிறுத்துன்னா நிறுத்தணும், விடுன்னா விடணும். சுலபம்."

"அதுக்கு ஒரு பொம்மையை வச்சிக்கோ."

"அண்ணே, கோவப்படாதீங்க. மூணு வாரம் டைம் தர்றேன். மார்ச்சுல இளையோர் போட்டி. அன்னிக்குக் காலையில காதுல மாட்டிக் காட்டுங்க. நின்னா நில்லுங்க. இல்லேன்னா கடிகாரம்."

அடுத்த சனிக்கிழமை போட்டி இல்லை. ஜும்பெர் ஷேவ் செய்யவில்லை. நான் ஒரு பழைய இயர்போனை வாங்கி வந்து வேலையைத் தொடங்கினேன். பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம். வியர்வையில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. தலையைச் சுற்றி வலைக்கட்டு போட்டோம்.

"அறுவை சிகிச்சை முடிஞ்சு வந்த ஆளு மாதிரி இருக்கேன்."

"அப்படித்தான் இருக்கே."

"என்னைப் பாத்து பசங்க பயந்து ஓடிடுவானுங்க. போதும்க்கா, விடு. கடிகாரத்துக்கிட்டயே உக்காந்துக்கிறேன்."

அவன் அப்படிச் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பாரியில் டொனாட்டோ என்ற கிழவர் இதே தொனியில்தான் "இன்னைக்கு நடக்க வேண்டாம்" என்பார். டொனாட்டோவை நினைத்ததும் அவருடைய காதும் நினைவுக்கு வந்தது. அவர் காது கேட்கும் கருவி வைத்திருந்தார். அதன் முனை கடையில் கிடைக்கிற ரப்பர் இல்லை. அவருடைய காதுக்குள் பசையை ஊற்றி, அச்சு எடுத்து, அந்த வடிவத்திலேயே செய்தது. தினமும் காலையில் அதைக் கழுவிப் போட்டுவிட்டது நான்தான். இரண்டு வருடம் செய்தேன். ஒரு நாள்கூட அது கீழே விழுந்ததில்லை.

இதை நினைக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று என்பதுதான் எரிச்சல்.

சந்தைக்குப் பின்னால் காதுக் கருவி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே தேயா என்ற பெண் வேலை பார்க்கிறாள். ஜும்பெரின் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, இது காதா?"

"குதாய்சியில இதுக்குப் பேரு காதுதான், பாப்பா."

"வலது பக்கம் முடியாது. இடது பக்கம் ஒரு வழி இருக்கு. குறுகலா, வளைஞ்சு போகுது. அச்சு எடுத்துப் பாக்கலாம். ஆனா அஞ்சு நிமிஷம் வாயை அசைக்கக் கூடாது. தாடை அசைஞ்சா காதோட உள்பக்கமும் அசையும். அச்சு கெட்டுப் போயிடும். பேசாம இருப்பீங்களா?"

"நான் எப்ப பேசியிருக்கேன்?"

நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்து, பச்சைப் பசையைக் காதில் நிரப்பினாள். ஜும்பெர் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தான். மூன்று நிமிடம் ஒழுங்காகப் போயிற்று. அப்போது ஒரு டாக்சிக்காரர் தன் அம்மாவின் கருவிக்கு பேட்டரி வாங்க உள்ளே வந்தார். ஜும்பெரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அட, நீதானா! அன்னிக்கு எங்க அக்கா பையனுக்குக் கொடுத்து, அப்புறம் புடுங்கினவன்!"

ஜும்பெர் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? பதில் சொல்லு. அப்படி ஒரு வீச்சு! முதுகு மொத்தமும் மேட்ல பட்டுச்சு. அது இப்போன் இல்லியா?"

"அண்ணே, அவரு இப்ப பேசக் கூடாது" என்றாள் தேயா.

"ஏன், பேச என்ன இருக்கு அவருக்கு? கை எங்கே இருந்துச்சுன்னு சொல்லச் சொல்லு. இடுப்புல இருந்துச்சு! நான் கண்ணால பாத்தேன்!"

ஜும்பெரின் கழுத்து சிவந்தது. நான் அவன் தோளை அழுத்தினேன். பயன் இல்லை.

"தொடையில!" என்று கத்தினான். "தொடையிலய்யா! இடுப்பா அது? உனக்கு இடுப்பு முழங்கால்லயா இருக்கு?"

பச்சைப் பசை காதிலிருந்து பாதி வெளியே வந்து தோளில் விழுந்தது.

டாக்சிக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. விளக்கிச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, மேசை சொன்னது கேக்கலியா? நீ காசு வாங்கிட்டியோன்னு நான் நினைச்சேன். சரி, சரி, நான் வெளியில நிக்கிறேன். ஒருத்தரையும் உள்ள விட மாட்டேன்." சொன்னபடி வாசலில் போய் நின்று, வந்தவர்களையெல்லாம் அரைமணி கழித்து வரச் சொன்னார். தொடை, இடுப்பு விவகாரத்தைத் தெருவில் வைத்து இன்னும் மூன்று பேரிடம் பேசினார் என்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

இரண்டாவது தடவை நான் ஜும்பெரின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கிழவர்களுக்குக் கண்மருந்து விடும்போது பிடிக்கிற பிடி. அசைய முடியாது. அச்சு சுத்தமாக வந்தது. தேயா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒண்ணை திபிலிசியில யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள். இயர்போனின் சுருள் குழாய் முனையில் மாட்டுகிற மாதிரி செய்யச் சொல்லி அச்சைத் தலைநகரம் திபிலிசிக்கு அனுப்பினாள்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் மினிபஸ்ஸில் பொட்டலம் வந்தது. நகத்தளவு சிலிக்கோன் துண்டு. ஜும்பெர் வாங்கி நேராக உள்ளே தள்ளினான். போகவில்லை. மறுபடி தள்ளினான்.

"பாத்தியா? இதுவும் நிக்கல."

"நீ ரொட்டியை அடுப்புல அப்புற மாதிரி அப்புறே. உக்காரு."

மற்றவர்களுக்கு என்றால் காது மடலைப் பின்னுக்கு இழுத்தால் வழி நேராகும். இவன் மடலை இழுத்தால் தலைதான் வரும். அதனால் துண்டின் நுனியில் துளி களிம்பு தடவி, மூக்குப் பக்கம் சாய்த்து நுழைத்து, மெதுவாகப் பின்பக்கம் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் அது உள்ளே போய் உட்கார்ந்தது. தலையை ஆட்டச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன், ஒரு துண்டு சோளரொட்டியை மெல்லச் சொன்னேன். இழுத்தும் பார்த்தேன். வரவில்லை. தானே போட்டுக்கொள்ளப் பழகும்வரை விடமாட்டேன் என்று அவனைப் பதினைந்து தடவை போட்டுக் கழற்ற வைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் கூராம் மேசையில் உட்கார்ந்தான். ஜும்பெர் எதிர்ப்பக்கம், மேட்டின் கடைசியில் நின்றான். கூராம் மைக்கை வாயருகில் கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜும்பெர் அசையவில்லை. கூராம் மறுபடி முணுமுணுத்தான். ஜும்பெர் அப்படியே நின்றான்.

"கேக்கலியா அண்ணே?" என்று கூராம் சத்தமாகக் கேட்டான்.

"கேக்குதுடா!" ஜும்பெரின் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. "'கேட்டா மூக்கைச் சொறி'ன்னா என்ன அர்த்தம்? நான் என்ன குரங்கா?"

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூராம் பட்டியலில் ஜும்பெரின் பெயருக்கு எதிரே ஏதோ எழுதினான்.

ஆனால் மாட்டிக் காட்டுவது வேறு, ஆட்டத்தில் நிற்பது வேறு. காலையில் ஆறு ஆட்டங்கள் அமைதியாகப் போயின. ஏழாவது ஆட்டத்தில் வெள்ளைச் சட்டைப் பெண் குனிந்தாள். கை கீழே போயிற்று. தூக்கினாள். நீலச் சட்டைப் பெண் முதுகு படிய விழுந்தாள். கூடம் எழுந்தது. ஜும்பெர் போன தடவை சூடுபட்டவன் அல்லவா, அவன் கை மேலே போகவில்லை. "நிறுத்து" என்று உள்ளங்கையை நீட்டினான். அடுத்து சுட்டுவிரல் நீண்டது. அந்த விரல் வெள்ளைச் சட்டைப் பெண்ணைக் காட்டினால் அவள் வெளியே. அவள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்தது.

விரல் பாதி வழியில் நின்றது.

ஜும்பெர் தலையைச் சற்றே இடது பக்கம் சாய்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு விரலை மடக்கி, கையை நேராக மேலே உயர்த்தினான்.

"இப்போன்!"

பெரிய திரையில் வீடியோவை மெதுவாக ஓட்டினார்கள். அவள் பிடித்திருந்தது சட்டையின் கீழ்நுனியை. கால்மேல் கை படவேயில்லை. நீலச் சட்டைப் பெண்ணின் பயிற்சியாளரே தலையாட்டினார். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், "பார்றா, காது வேலை செய்யுது!" என்று கத்தினார். அந்தப் பெண் வணங்கிவிட்டு மேட்டிலிருந்து இறங்கிய பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா ஓடிப்போய் அவளைத் திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தாள். மடியில் வைத்திருந்த பாலாடைக்கட்டி ரொட்டி என் பிடியில் கசங்கிப் போயிருந்தது. இருந்தாலும் தின்றேன், நன்றாகவே இருந்தது.

மாலையில் என் வீட்டில் ஜும்பெர் இரண்டு கிண்ணம் லோபியோ பயற்றுக் குழம்பு சாப்பிட்டான். பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அக்கா, அந்தக் கூராம் இருக்கானே, வாயை மூடவே மாட்டேங்குறான். காலையிலேர்ந்து என் மண்டைக்குள்ளயே குடியிருக்கான். அண்ணே, பெல்ட்டைக் கட்டச் சொல்லு. அண்ணே, அந்தப் பையன் நகம் வெட்டினானா பாரு. அண்ணே, மத்தியானம் கறியா மீனா. ஒருத்தன் கழுத்தைப் புடிச்சு நெரிக்கிறான், நான் தரையில படுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன், காதுல மீனைப் பத்திக் கேக்குறான்!"

"கழட்டி வச்சிட வேண்டியதுதானே?"

"கழட்டவா? நல்லா சொன்னே போ! இன்னிக்கு அவன் சொல்லலேன்னா அந்தப் பொண்ணை நான் வெளியில அனுப்பியிருப்பேன். விரல் போயிடுச்சுக்கா. சத்தியமா போயிடுச்சு. சட்டை நுனிதான், காலு இல்ல, காலு இல்லன்னு கத்துறான். எவ்ளோ தெளிவா கேட்டுச்சு தெரியுமா? பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி." ரொட்டியைக் கிண்ணத்தில் தோய்த்தான். "அடுத்த சனிக்கிழமை சாம்த்ரேதியால போட்டி. என் பேரை எழுதிட்டான். அதுக்கு அடுத்தது சுக்தீதி."

"கடிகாரம்?"

"கடிகாரத்துக்கு அவன் மச்சானை உக்கார வச்சிட்டான். அவன் ரெண்டு தடவை தூங்கிட்டான்."

சிலிக்கோன் துண்டு இன்னும் அவன் காதிலேயே இருந்தது. கழற்றச் சொன்னேன். வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவணும், துணியில் துடைத்துக் காயவைக்கணும், ஈரத்தோடு போட்டால் உள்ளே புண் வரும், வாரத்துக்கு ஒரு நாள் என்னிடம் காட்டணும் என்று சொன்னேன். சரி, சரி என்றான். எதையும் காதில் வாங்கவில்லை. சாம்த்ரேதியாவுக்கு ஏழு மணி பஸ்ஸா, ஏழரை மணி பஸ்ஸா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.